பித்தம் என்று சொல்லிவிட்டால் போதுமா?

மும்பையில் உழைக்கும் தமிழர்களிடையே ஒரு வழக்கம் இருக்கிறது. சாப்பிட்டு எழுந்ததும் ஒருவருக்குக் குமட்டினால், பக்கத்தில் இருப்பவர் கேட்பது ஒரே கேள்விதான். "என்ன அண்ணாச்சி, பித்தமா?" அவரும் ஆமாம் என்பார். எலுமிச்சம் பழம் பிழிந்த சோடா வரும். அதிலும் அடங்காவிட்டால் தெருமுனை மருந்துக் கடையில் ஒரு மாத்திரை. மறுநாள் காலையில் லோக்கல் ரயிலைப் பிடித்து வேலைக்குப் போய்விடுவார்.

பெரும்பாலும் அது அத்தோடு அடங்கியும் விடுகிறது. தொல்லையே அங்கேதான் இருக்கிறது. அடங்கும் குமட்டலுக்கும் அடங்காத குமட்டலுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவரும் சோடாவோடு நின்றுவிடுகிறார். சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து வந்தது, கூடவே வேறு என்ன வந்தது என்று கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

முதலில் சோற்றையே எடுத்துக்கொள்வோம். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் ஒரே அறையில் ஐந்தாறு பேர் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். விடியற்காலையில் ஒரே தடவையாக வடித்து வைப்பார்கள். தகரக் கூரையின் கீழ், மூடிய பாத்திரத்தில், அந்தச் சோறு இரவு ஒன்பது மணி வரை கிடக்கும். திரும்பி வந்து சூடு பண்ணிச் சாப்பிடுவார்கள். சூடு பண்ணினால் சரியாகிவிடும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கை தவறு. அரிசியில் இருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடுகின்றன. அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வரும். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஃபிரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் பலர் வாந்தி எடுத்தபோதுதான் இந்த விவகாரம் வெளிச்சத்துக்கு வந்தது. முன்கூட்டியே வடித்து வெளியில் வைத்திருந்த சோறுதான் காரணம். மும்பைத் தெருக்களில் நிற்கும் சைனீஸ் வண்டிகளில் சோறு எப்போது வடித்தது என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுவதில் தப்பில்லை.

"ஊரில் பழைய சோறு சாப்பிட்டு வளரவில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். அது வேறு. நீர் ஊற்றிப் புளிக்கவிட்ட சோறு அது. புளிப்பில் இந்தக் கிருமி எளிதில் வளராது. தண்ணீர் படாமல் மூடி வைத்த சோறு அப்படியல்ல. பிரிட்ஜ் இல்லாத அறைகளில் இரண்டு வேளையும் புதிதாக வடிப்பது கஷ்டம்தான். ஆனால் அதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

இப்படி வரும் வாந்தி ஒரு நாளில் நின்றுவிடும். அதுவரை உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாய் வாயாகக் குடிக்கலாம். குடித்த நீரும் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது, வாந்தியில் ரத்தம் என்றால் தாமதிக்கக் கூடாது. குழந்தை சோர்ந்து கிடந்தால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

தினமும் வரும் குமட்டல் வேறு கதை. மூட்டை தூக்குகிறவர்கள் இடுப்பு வலிக்கு வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடுகிறார்கள். மாதக்கணக்கில் போட்டால் இரைப்பை புண்ணாகும். இன்னொரு காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று டாக்டர்களே நம்பிய காலத்தில், 1984-இல் பேரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் இந்தக் கிருமியைத் தாமே குடித்துக் காட்டினார். சில நாட்களில் அவருக்குக் குமட்டலும் வாந்தியும் வந்தன. 2005-இல் நோபல் பரிசும் வந்தது! பரிசோதனை செய்து உரிய மாத்திரைகளை முழுமையாகச் சாப்பிட்டால் குணமாகும் நோய் இது. அதை ஆண்டுக்கணக்கில் சோடாவில் கரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழே வலித்துக் குமட்டினால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். சோற்றைக் கண்டாலே குமட்டி, சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளானால் மஞ்சள் காமாலை. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்து, எடை குறைந்து, மலம் தார் போலப் போனால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது, மாரடைப்பை வாயு என்று நினைப்பது. சாப்பிட்டபின் மேல்வயிறு இறுகி, குமட்டி, சில்லென்று வியர்த்தால், அதுவும் சர்க்கரை வியாதிக்காரராக இருந்தால், சந்தேகப்பட வேண்டும். நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். பெண்களுக்கும் இப்படி வருவதுண்டு. வீட்டில் உள்ளவர்கள் சோடாவுக்கு ஓடாமல் 108-க்குப் போன் செய்ய வேண்டும். அவரை ரயில் பாலத்துப் படியேற விடக் கூடாது.

இதெல்லாம் தெரிந்தாலும் போகமாட்டார்கள். ஒரு நாள் கூலி போகுமே என்ற கவலை. அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இ.எஸ்.ஐ. சந்தா கட்டுகிற தொழிலாளிக்கு, உரிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால், டாக்டர் சான்றிதழின் பேரில் ஆண்டில் 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். சந்தாவைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சொல்லாத காண்டிராக்டர்களும் இருக்கிறார்கள். அந்த எண்ணைக் கேட்டு வாங்குவது தொழிலாளியின் உரிமை. இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு மாநகராட்சி 2022-இல் தொடங்கிய 'ஆப்லா தவாகானா' இருக்கிறது. காசு வாங்குவதில்லை. வேலை முடிந்து மாலையிலும் போகலாம்.

பாஷையும் ஒரு தடை. குமட்டலுக்கு இந்தியில் 'ஜீ மிச்லானா', மராத்தியில் 'மள்மள்' என்பார்கள். தமிழர்கள் பலர் எல்லாவற்றுக்கும் 'உல்டி' என்றே சொல்லிவிடுகிறார்கள். உல்டி என்றால் வாந்தி. டாக்டரும் வாந்திக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, எங்கே வலி, சிறுநீர் என்ன நிறம் என்று இந்தி தெரிந்த ஒருவரிடம் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போகலாம். தினமும் போடும் மாத்திரைகளின் அட்டைகளையும் சட்டைப் பையில் எடுத்துப் போக வேண்டும். கர்ப்பமாக இருக்கக்கூடும் என்றால், மருந்து எழுதுமுன் பெண்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.