சேலத்தார் ஒருவர் மறக்கவில்லை

ஜார் சக்கரவர்த்திகள் ஆண்ட ருஷியாவில் கொடுங் குற்றவாளிகளைச் சைபீரியாவுக்கு ஓட்டிவிடுவார்கள். நம்மை ஆண்ட ஆங்கிலேயரோ 1858-ல் அந்தமானைக் கைதிகளின் தீவாக்கினர். கண்ணுக்கு மறைந்தவனை ஊரார் நாளடைவில் மறந்துவிடுவர் என்பதே இவ்விரு சர்க்கார்களின் எண்ணம் போலும்!

ஆனால் சேலத்தில் ஒருவர் மறக்கவில்லை. 1882-ல் அந்நகரில் மூண்ட மதக் கலகத்தைத் தூண்டினாரென்று, நகரசபை அங்கத்தினராயிருந்த ஸ்ரீ சி. விஜயராகவாச்சாரியாருக்குப் பத்து வருஷத் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை ஹைகோர்ட்டில் அவர் அப்பீல் செய்தார். அவருக்கு எதிரான சாட்சியம் நம்பத் தக்கதன்று எனக் கண்டு நீதிபதிகள் அவரை விடுதலை செய்தனர்.

மற்றொருவராயின் தலை தப்பியதே தம்பிரான் புண்ணியம் என்று வீட்டோடு இருந்திருப்பார். ஆச்சாரியாரோ, அக்கலகத்துக்காக அந்தமான் சென்ற ஏனையோரின் பொருட்டு ராஜப்பிரதிநிதி ரிப்பன் பிரபுவிடம் முறையிட்டார். அவர்களும் விடுதலை பெற்றனர்.

சட்டமும் பொருளும் கைவசமுள்ளவன் தப்ப, இல்லாதவன் தீவில் வாடுவானாயின் அதனை நீதியென்று எங்ஙனம் சொல்வது? 1920-ல் நாகபுரிக் காங்கிரஸுக்கு அவர் தலைமை வகித்தது பெரும் கௌரவமே. எனினும், தாம் விடுபட்ட பின்னும் பிறருக்காக வாதாடிய அந்த இளம் வக்கீலையே நாம் முதலில் வணங்குவோம்.