ரிப்பனில் மலரும் பூக்கள்



பெண்பிள்ளைகளின் பின்னலில் முடிந்தும், பரிசுப் பொட்டலத்தைச் சுற்றிக் கட்டியும் நாம் பயன்படுத்தும் ரிப்பனை அறியாதார் இல்லை. அதனையே ஊசியில் கோத்து, துணியின்மேல் ரோஜாவும் மல்லிகையும் மலரச் செய்யும் கலைக்கு ரிப்பன் எம்பிராய்டரி என்று பெயர். ரிப்பன் பூவேலை என்றும் நாம் அழைக்கலாம். இல்லத்துக் கைவேலைகளுள் விரைவில் கைவரக்கூடியது இது.

நூலால் செய்யும் பூவேலையில் ஓர் இதழை நிரப்புவதற்குப் பல தையல்களை நெருக்கமாக இட வேண்டும். ரிப்பனோ இயல்பாகவே அகலமுடையது. ஒரு தையலே ஓர் இதழாகி விடுகிறது. ஆகையால், நுண்ணிய வேலை செய்யக் கண்பார்வை இடங்கொடாத மூதாட்டியரும், நெடுநேரம் அமர்ந்திருக்கப் பொறுமையில்லாத சிறுமியரும் இதனை மகிழ்ச்சியோடு செய்ய முடியும்.

இக்கலை சிறப்புற்று விளங்கியது 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சு நாட்டில். அரசவை மாதரின் ஆடைகளில் பட்டு ரிப்பன்களால் மலர்க்கொடிகள் அமைக்கப்பட்டன. அரசி மரீ அந்துவானெத்துக்கு ஆடை அலங்காரம் செய்து தந்த ரோஸ் பெர்த்தேன் என்னும் பெண்மணி, ரிப்பனாலும் பூக்களாலும் உடையை அழகுபடுத்துவதில் பெரும்புகழ் பெற்றவர். அரண்மனையில் ஒளிவிட்ட அந்த ரிப்பன்களை நெய்தவர்களோ எளிய மக்கள். பிரான்சில் சேந்த்-எத்தியேன் நகரிலும், இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரிலும் எண்ணற்ற குடும்பங்கள் தங்கள் இல்லங்களிலேயே தறியமைத்து ரிப்பன் நெய்து பிழைத்தன. அவர்களைப் பற்றிப் பின்னர் மீண்டும் காண்போம். முதலில் வேலையைக் கற்றுக்கொள்வோம்.

தேவையான பொருள்கள்

பட்டு ரிப்பன் மிக மென்மையானது. துணிக்குள் எளிதில் நுழையும். 2, 4, 7, 13 மில்லிமீட்டர் அகலங்களில் அது கிடைக்கிறது. தொடக்கத்தில் 4 மில்லிமீட்டர் அகலமே கைக்கு ஏற்றது. பட்டு கிடைக்காவிடில், அலங்காரப் பொருள் கடைகளில் விற்கும் மெல்லிய சாட்டின் ரிப்பனைக் கொள்ளலாம். அது சற்று விறைப்பானது எனினும் பழகுவதற்குப் போதும்.

ஊசிக்குக் கூரிய முனையும் நீண்ட பெரிய காதும் இருத்தல் வேண்டும். இத்தகைய ஊசியைச் செனில் ஊசி என்பர். ஊசி இடும் துளை பெரிதாக இருந்தால்தான் ரிப்பன் நசுங்காமல் வெளிவரும். பருத்தித் துணியோ லினனோ ஏற்றது. துணியை வளையத்தில் இழுத்துப் பூட்டிக் கொள்ளுங்கள். காம்புகளுக்கும் நடுப்பகுதிகளுக்கும் வழக்கமான எம்பிராய்டரி நூலே போதும்.

கோக்கும் முறை

ரிப்பனை 30 சென்டிமீட்டர் அளவுக்குமேல் வெட்டலாகாது. அதைவிட நீண்டால், துணிக்குள் பலமுறை உராய்ந்து ஓரம் பிரிந்துவிடும். முனையைச் சாய்வாக வெட்டி ஊசிக்காதில் நுழையுங்கள். அம்முனையிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி ஊசியால் ரிப்பனைக் குத்தி, மறுபுறத்து நீண்ட பகுதியைப் பிடித்து இழுத்தால், ரிப்பன் ஊசிக்காதிலேயே பூட்டிக்கொள்ளும். இடையில் கழன்று விழாது. வேலை முடிந்ததும் ரிப்பனின் நுனியைத் துணியின் பின்புறத்தில் தையல் நூலால் இரண்டு தையலிட்டுப் பிணைத்துவிட வேண்டும்.

மூன்று தையல்கள்

முதலாவது, இதழ்த் தையல். ஊசியைக் கீழிருந்து மேலே கொணர்ந்து, ரிப்பனைத் துணியின்மேல் தட்டையாகப் படுக்க வையுங்கள். இதழின் நுனி வரவேண்டிய இடத்தில், ரிப்பனின் நடுவிலேயே ஊசியைக் குத்தி மெல்லக் கீழே இறக்குங்கள். ரிப்பனின் இரு ஓரங்களும் தாமே உட்புறம் சுருண்டு, உண்மையான இதழின் நுனிபோல் அமையும். அக்கணமே கையை நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது, முடிச்சுத் தையல். ரிப்பனை ஊசியில் ஒருமுறையோ இருமுறையோ சுற்றி, வெளிவந்த இடத்துக்கு அருகிலேயே இறக்கினால் சிறு மொட்டு கிடைக்கும். பூவின் நடுவிலும் கொடியின் நுனியிலும் இதனை இடலாம்.

மூன்றாவது, சிலந்திவலை ரோஜா. காண்போர் வியக்கும் இப்பூவே செய்வதற்கு மிக எளிது. நூலால் ஒரு மையத்திலிருந்து ஐந்து கால்களைச் சக்கரத்தின் ஆரம்போல் இடுங்கள். பின்னர் மையத்தருகே ரிப்பனை வெளியே கொணர்ந்து, ஒரு காலின் மேலும் அடுத்த காலின் கீழுமாகப் பாய் முடைவதுபோல் சுற்றி வாருங்கள். கால்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருத்தல் இன்றியமையாதது. நான்கோ ஆறோ இட்டால், ஒவ்வொரு சுற்றிலும் அதே கால்களின்மேல் ரிப்பன் வந்து பின்னல் அமையாது. கால்கள் மறையும்வரை சுற்றினால் ரோஜா நிறைவுபெறும். ரிப்பன் இடையிடையே முறுக்கிக் கொண்டால் அஞ்ச வேண்டாம். அம்முறுக்கே இதழ்களின் மடிப்பாகத் தோன்றும்.

கையைத் தளர்த்துக

தையலில் நன்கு தேர்ந்த சகோதரியர் இங்குத்தான் இடர்ப்படுகின்றனர். ஒவ்வொரு தையலையும் இறுக்கி இழுப்பது அவர்களுக்குப் பழகிப்போன நல்வழக்கம். ரிப்பன் பூவேலையில் அதுவே குற்றமாகி விடுகிறது. இறுக்கினால் இதழ் கயிறாகும், மலர் வாடும். துணியிலிருந்து ரிப்பன் சற்று எழும்பி நிற்பதே இதன் அழகு. எனவே, ஊசியை இழுக்கும்போது மறுகையின் விரலையோ ஒரு பென்சிலையோ ரிப்பனுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழும்பி நிற்கும் இவ்வழகுக்கு ஏற்ற இடத்தையும் தேர்ந்துகொள்ள வேண்டும். தலையணை உறை, பள்ளிச் சீருடை போன்று அடிக்கடி அடித்துத் துவைப்பவை இதற்கு ஆகா. குழந்தையின் புதுநன்மை உடை, திருமணப் பரிசாகத் தரும் கைப்பை, சுவரில் மாட்டும் படம் ஆகியவை ஏற்றவை. அழுக்கானால் குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரி போடுவதானால் தடித்த துவாலையின்மேல் பூ கீழ்நோக்கியிருக்கப் பரப்பி, பின்புறத்தில் மட்டும் இலேசாகப் போட வேண்டும்.

உழைப்புக்கும் விலை உண்டு

இவ்வேலையால் வீட்டு வருவாய்க்குச் சிறிது துணைசெய்ய விரும்பும் சகோதரியர், கவன்ட்ரி நெசவாளரின் வரலாற்றை நினைவிற்கொள்வது நலம். 1860ஆம் ஆண்டில் இங்கிலாந்தும் பிரான்சும் செய்துகொண்ட வணிக உடன்படிக்கையால், பிரெஞ்சுப் பட்டுப் பொருள்களின்மீது இருந்த இறக்குமதி வரி நீங்கிற்று. பிரெஞ்சு ரிப்பன்கள் தடையின்றி வந்து குவிந்தன. கவன்ட்ரியில் பெருந்தொகையினர் வேலையிழந்தனர்; பலர் பிழைப்புத் தேடி ஊரைவிட்டும் நாட்டைவிட்டும் சென்றனர். அவ்வேளையில் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் அதே ரிப்பன் தறியில் வண்ணப் படங்களும் வாழ்த்துக்களும் கொண்ட புத்தக அடையாளப் பட்டைகளை நெய்வித்தார். அவை விரும்பி வாங்கப்பட்டன. தொழில் பழையதே, பயன்தான் புதியது.

ஆகவே ஒரே வகைப் பொருளையும் ஒரே கடைக்காரரையும் நம்பியிராதீர்கள். மற்றொன்றும் உண்டு. பூவேலைக்கு விலை கூறும்போது துணியும் ரிப்பனும் வாங்கிய தொகையை மட்டுமே கணக்கிட்டு, உழைத்த நேரத்தை நம்மில் பலர் மறந்து விடுகிறோம். “வீட்டில் சும்மா இருந்த நேரந்தானே” என்று பிறர் சொல்வதை நாமும் சொல்லத் தொடங்கிவிட்டால், அதன்பின் நமக்காகப் பேசுவார் யாருமில்லை. வேலையைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். அந்த மணிகளுக்கு உரிய கூலியையும் சேர்த்து விலை சொல்லக் கூச வேண்டியதில்லை.

அடுத்த இதழ் உங்கள் கைக்கு வருமுன், ஒரு வெள்ளைக் கைக்குட்டையின் மூலையில் ஒரு ரோஜாவும் இரண்டு மொட்டுகளும் மூன்று இலைகளும் தைத்து முடியுங்கள். முதற்பூ சற்றுக் கோணலாக அமையினும் பிரித்துவிடாதீர்கள். பத்தாவது பூ மலரும் நாளில் அதனருகே வைத்துப் பார்த்தால், கை எவ்வளவு கற்றிருக்கிறது என்பது விளங்கும்.