தங்கச்சியை நர்ஸிங் சேர்க்கிறீங்களா? ஃபீஸை மட்டும் பார்க்காதீங்க, முதல் சம்பளத்தையும் பாருங்க



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம்ம கொங்கு பக்கத்துல நிறைய வீட்டுல ஒரே பேச்சுதான். "பாப்பாவை நர்ஸிங் சேர்த்திடலாமுங்க. நாலு வருஷம், அப்புறம் ஜெர்மனி." அப்பா விவசாயம் இல்ல தறி ஓட்டுறார். வீட்டுல சம்பள ஸ்லிப் இருக்கிறது சரவணம்பட்டியிலயோ திருப்பூர்லயோ வேலை பார்க்கிற உங்ககிட்ட மட்டும்தான். அதனால பேங்க்ல கையெழுத்துப் போடப் போறதும் நீங்கதான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நர்ஸிங் நல்ல படிப்பு. ஆனா வெளிநாட்டு சம்பளத்தை நம்பி லோன் வாங்காதீங்க. கோயம்புத்தூர்ல ஒரு புது நர்ஸ் வாங்குற சம்பளத்துல கட்ட முடியுற அளவுக்கு மட்டும் வாங்குங்க.

முதல்ல, எந்தப் படிப்பு?

பி.எஸ்சி. நர்ஸிங் நாலு வருஷம், ஜி.என்.எம். டிப்ளமோ மூணு வருஷம், ஏ.என்.எம். ரெண்டு வருஷம். படிச்சு முடிச்சதும் தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் தாதியர் கவுன்சில்ல பதிவு பண்ணினாதான் சட்டப்படி நர்ஸ். "ஒரே வருஷத்துல நர்ஸிங்"னு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல போர்டு வச்சிருக்கிற சர்ட்டிஃபிகேட் கோர்ஸுக்கு அந்தப் பதிவு கிடைக்காது. கம்மி ஃபீஸ்னு அதுல சேர்த்தா, போட்ட மொத்தக் காசும் போச்சுன்னே வச்சுக்கலாம்.

பி.எஸ்சி.க்கு அரசு ஒதுக்கீட்டு இடங்களை சென்னையில இருக்கிற தேர்வுக் குழு பிளஸ் டூ மார்க் வச்சு கவுன்சிலிங்ல நிரப்புது. சேலம் அரசு கல்லூரியும் தனியார் கல்லூரிகள்ல இருக்கிற அரசு இடங்களும் இதுலதான் வரும். பீளமேடு, அவிநாசி ரோடு பக்கம் பி.எஸ்.ஜி., கே.எம்.சி.எச். மாதிரி சொந்த ஆஸ்பத்திரியோட இருக்கிற கல்லூரிகள் நமக்குப் பக்கத்துலயே இருக்கு. ஆனா கவுன்சிலிங் முடியுற வரைக்கும் பொறுக்காம, "சீட் போயிடும்"னு யாரோ சொன்னதைக் கேட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு அட்வான்ஸ் கட்டாதீங்க. வித்தியாசம் ஒரு வருஷத்து ஃபீஸோட நிக்காது, நாலு வருஷத்துக்கும் வரும்.

உள்ளே போனா என்ன நடக்கும்?

காலேஜ் லைஃப்னு நீங்க பார்த்த இன்ஜினியரிங் காலேஜ் மாதிரி இது இருக்காது. முதல் வருஷத்துலயே அனாடமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, நியூட்ரிஷன் எல்லாம் இங்கிலீஷ்ல வரும். தமிழ் மீடியத்துல படிச்ச பொண்ணுக்கு முதல் ஆறு மாசம் கஷ்டமாதான் இருக்கும். அதோட வார்டு போஸ்டிங் தொடங்கிடும். பெட் போடுறது, பேஷண்டைத் துடைச்சு விடுறது, பி.பி. பார்க்கிறதுன்னு ஆரம்பிக்கும். திரும்பி வந்து ரெக்கார்டு எழுதணும், கேர் பிளான் எழுதணும்.

தியரிக்கு 80 சதவீத வருகை வேணும். கிளினிக்கல் பிராக்டிகல்ல டிகிரி கைக்கு வர்றதுக்குள்ள 100 சதவீதம் முடிச்சிருக்கணும்னு இந்திய நர்ஸிங் கவுன்சில் விதி. லீவு போட்ட நாளைத் திரும்ப வார்டுல நின்னு ஈடு கட்டணும். கடைசி செமஸ்டர்ல 22 வாரம் இன்டர்ன்ஷிப்.

இதுல உங்களுக்கான செய்தி ஒண்ணு இருக்கு. பாப்பா பார்ட் டைம் வேலை பார்த்து கைச்செலவைச் சமாளிப்பான்னு கணக்குப் போடாதீங்க, நேரமே இருக்காது. ஃபீஸ் ரசீதுல இல்லாத செலவும் நிறைய: யூனிஃபார்ம், ஷூ, ஸ்டெதஸ்கோப், ரெக்கார்டு நோட்டு, ஹாஸ்டல், மெஸ், போஸ்டிங் போற வண்டிச் செலவு, பரீட்சை ஃபீஸ், கடைசியில பதிவுக் கட்டணம். சேர்றதுக்கு முன்னாடி நாலு வருஷத்துக்குமான மொத்தச் செலவை எழுத்துல கேளுங்க. தர மாட்டேன்னு சொல்ற காலேஜைத் தள்ளி வைக்கிறது நல்லது.

இப்போ கணக்கு

வசதிக்கு ஒரு எண் எடுத்துக்குவோம். எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 1.5 லட்சம், நாலு வருஷத்துக்கு 6 லட்சம், முழுக்க லோன், வட்டி 10 சதவீதம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் ஈ.எம்.ஐ. கிடையாது. ஆனா வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். தனி வட்டியாவே அந்த அஞ்சு வருஷத்துல 2.1 லட்சம் சேர்ந்திடும். ஆக பாக்கி 8.1 லட்சம். ஏழு வருஷத்துல கட்டினா மாசம் சுமார் 13,450 ரூபாய்.

சம்பளம் எவ்வளவு? நம்ம அரசே என்ன கொடுத்துச்சுன்னு பாருங்க. 2015-ல எம்.ஆர்.பி. பரீட்சை எழுதி வந்த நர்ஸுகளுக்குத் தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். 2017 நவம்பர்ல அவங்க சென்னையில போராட்டம் பண்ணினாங்க. பிறகு 14,000 ஆச்சு, அப்புறம் 18,000. தனியார் ஆஸ்பத்திரிக்கு, 2016-ல உச்ச நீதிமன்றம் சொல்லி அமைச்ச குழு ஒரு பரிந்துரை கொடுத்துச்சு. 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் குறைஞ்சது 20,000 கொடுக்கணும், 200 படுக்கைக்கு மேல இருந்தா அரசு நர்ஸுக்குச் சமமா கொடுக்கணும். நடைமுறைப்படுத்துற பொறுப்பு மாநிலங்கள் கையில. பரிந்துரை இருக்குன்னு நம்பி பட்ஜெட் போடாதீங்க. ஆஃபர் லெட்டர்ல இருக்கிற எண்ணைப் பாருங்க.

18,000 சம்பளத்துல 13,450 ஈ.எம்.ஐ. போனா மிச்சம் 4,550. ஹாஸ்டல் வாடகைக்கே பத்தாது. மீதியை யார் கட்டுவாங்க? நீங்கதான்.

கையெழுத்துப் போடுற அண்ணன், அக்காவுக்கு மூணு விஷயம்

1. வரிச் சலுகை உங்களுக்கு இல்லை. கல்விக் கடன் வட்டிக்கான 80இ கழிவு உங்களுக்கு, உங்க கணவன் அல்லது மனைவிக்கு, உங்க பிள்ளைங்களுக்கு, சட்டப்படி நீங்க கார்டியனா இருக்கிற மாணவருக்கு மட்டும்தான். தங்கச்சி, தம்பி அந்த லிஸ்ட்ல இல்லை. அதுவும் பழைய வரி முறையிலதான். 80சி-யில டியூஷன் ஃபீஸும் சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும்.

2. சிபில்ல உங்க பேர் வரும். கோ-பாரோவரா போட்டீங்கன்னா, நாளைக்கு வீட்டு லோனுக்குப் போகும்போது இந்தக் கடனும் உங்க கணக்குல நிக்கும். முடிஞ்சா அப்பா அம்மா பேர்ல போடச் சொல்லி பேங்க்ல கேளுங்க. 7.5 லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாம தர அரசு உத்தரவாதத் திட்டமே இருக்கு.

3. வட்டி மானியத்தைக் கேட்டு வாங்குங்க. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா, படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசே கட்டுற திட்டம் இருக்கு. நர்ஸிங்குக்குக் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிற கல்லூரியா இருக்கணும், வருமானச் சான்று கொடுக்கணும். நம்ம உதாரணத்துல அந்த 2.1 லட்சம் அப்படியே மிச்சம், ஈ.எம்.ஐ. 9,960-க்கு இறங்கிடும். படிப்பை நடுவுல விட்டா மானியம் போயிடும்.

மானியம் கிடைக்கலையா? வட்டியை மட்டும் நீங்க மாசா மாசம் கட்டிடுங்க. முதல் வருஷம் 1,250, ரெண்டாவது 2,500, மூணாவது 3,750, அப்புறம் 5,000. உங்களால தர முடிஞ்ச உதவியில இதுதான் ரொம்ப உருப்படியானது. அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து படிச்ச பொண்ணுன்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 வரும். பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், அதை 2024 ஆகஸ்ட்ல தொடங்கினதே நம்ம கோவையிலதான். முதல் வருஷ வட்டியில பெரும்பகுதி அதுலயே முடிஞ்சிடும்.

"ஜெர்மனி போயிடுவா"ங்கிறவங்களுக்கு

போகட்டும், ரொம்ப சந்தோஷம். ஆனா அதுக்கு ஜெர்மன் மொழி பரீட்சை, பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். இல்ல ஓ.இ.டி., கல்ஃபுக்கு அனுபவம்னு தனிச் செலவும் தனிக் காலமும் இருக்கு. அந்த ஒண்ணு ரெண்டு வருஷம் அவ இங்கதான் வேலை பார்ப்பா, ஈ.எம்.ஐ.யும் இங்கதான் ஓடும். தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-ல இருந்து இருக்கு, முதல்ல அங்க விசாரிங்க. பதிவு பெற்ற தனியார் ஏஜென்ட் கூட 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் சேவைக் கட்டணமா வாங்க முடியும். லட்சக்கணக்குல கேட்டா எழுந்து வந்திடுங்க.

இன்னொண்ணு. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைக் காலேஜோ ஆஸ்பத்திரியோ வச்சுக்கிட்டா, நல்ல வேலை வரும்போது கிளம்ப முடியாது. பாண்டு பேப்பர் நீட்டினா வீட்டுக்கு எடுத்துட்டு வந்து படிச்சுட்டுத்தான் கையெழுத்து.

என்னோட அளவுகோல் இதுதான்: உங்க ஊர் ஆஸ்பத்திரி புது நர்ஸுக்குத் தர்ற சம்பளத்துல ஈ.எம்.ஐ. மூணுல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினா மலிவான சீட்டைத் தேடுங்க, இல்ல லோன் காலத்தை நீட்டுங்க, இல்ல ஜி.என்.எம். யோசிங்க. ஜி.என்.எம். முடிச்சு வேலையில இருந்துக்கிட்டே சேர்த்து வச்சு, பின்னாடி ரெண்டு வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. பண்ணிக்கலாம்.

அப்புறம், இந்தக் கணக்கை நீங்களும் அப்பாவும் மட்டும் உட்கார்ந்து போடாதீங்க. பாப்பாவையும் பக்கத்துல உட்கார வைங்க. நைட் டூட்டி பார்க்கப் போறது அவ, லோன் பேப்பர்ல முதல் பேரும் அவளோடது. உங்க எண்களைக் கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோல சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.