பணியிடத்துக்கு வரும் சர்க்கரைப் பரிசோதனை: நம் கடைகளுக்கு எப்போது?

2023இல் லான்செட் குழும இதழில் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு நோயும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. முதல் எண்ணைத்தான் எல்லோரும் பேசினார்கள். நாம் கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றி. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது முந்தைய நிலை. நம் வீடுகளில் "பார்டர்ல இருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோமே, அதுதான். இந்த நிலையில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. ஆகவே, உடம்பு சரியில்லை என்று யாரும் மருத்துவரிடம் போவதில்லை.

இந்த 'பார்டர்' எவ்வளவு தூரம் போகும்? டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, பணியிடங்களில் வேலை பார்க்கும் நடுத்தர வர்க்கத்தினரைச் சேர்த்துக்கொண்டது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேர் மூன்றே ஆண்டுகளில் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39 சதவீதம். மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். கவனிக்க வேண்டிய செய்தி: இவர்களுக்குப் பெரிதாக எடை குறையவில்லை, ஆனாலும் நோய் தள்ளிப்போனது.

அதே குழுவினர் 2013இல் இன்னும் எளிய வழி ஒன்றைச் சோதித்தார்கள். வேலைக்குச் செல்லும் 537 ஆண்களில் ஒரு பிரிவினருக்குக் கைபேசியில் குறுஞ்செய்திகள் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர்களில் 18 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு வந்தது. ஒரு குறுஞ்செய்திக்கு ஆகும் செலவை எண்ணிப் பாருங்கள்!

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவந்தது. ஆனால் பகலில் ஊழியர் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பவர்கள் முதியவர்களே. வேலைக்குப் போகும் ஆண்களும் பெண்களும் விடுபட்டுப்போனார்கள். அதனால்தான் 2024இல் தொழிற்சாலைகளுக்குள்ளேயே பரிசோதனை செய்யும் ஏற்பாடு வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி தோல், காலணித் தொழிற்சாலைகளில் அதிகாலையில் வீட்டுக்குச் சமைத்துவைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் பஸ் பிடிக்கும் பெண்களுக்கு இது பெரிய வசதி. கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்து, பிரசவத்துக்குப் பின் மறுபடி பார்க்காமலே விட்ட பெண்கள் இதில் முதலில் வர வேண்டும்.

நம் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் சமுதாயத்தில் எத்தனை பேர் பெரிய தொழிற்சாலையில் இருக்கிறோம்? செருப்புக்கடை, ஜவுளிக்கடை, மளிகை, பிரியாணிக் கடை, செல்போன் கடை என்று நான்கைந்து பேர் நிற்கும் கடைகளே அதிகம். பணியாளர் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பு இலவச வருடாந்தரப் பரிசோதனை பற்றிப் பேசுகிறது. ஆனால் பொதுவாக அது பத்துப் பேர் உள்ள நிறுவனத்திலிருந்துதான் தொடங்குகிறது. இ.எஸ்.ஐ.யும் அப்படியே. சிறிய கடைக்காரரும் அவரது பையன்களும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அங்கேதான் தேநீர் ஓடுகிறது. இரண்டு ஸ்பூன் சீனி போட்ட டீ நாளுக்கு நான்கு என்றால் ஏறத்தாழ 32 கிராம் சீனி. நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூட வரும் சமோசாவை நாம் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை! டீ சொல்லும் முதலாளி "சீனி கம்மியா" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால், அந்தக் கடைக்கு அதுவே சுகாதாரத் திட்டம்.

வியாபாரிகள் சங்கமோ ஜமாஅத்தோ முன்வந்து, கடைத்தெரு முழுவதையும் ஒரே பணியிடமாகக் கருதி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திடம் முகாம் கேட்கலாம். முப்பது வயது கடந்தவர்களுக்குப் பரிசோதனை செய்வது அரசின் திட்டத்திலேயே இருக்கிறது. ஒரு நிபந்தனை மட்டும் கண்டிப்பாக வேண்டும்: முடிவு, பரிசோதிக்கப்பட்டவர் கையில்தான் தரப்பட வேண்டும், முதலாளியிடம் பட்டியலாகப் போகக் கூடாது. வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தால், 'பார்டரில்' இருப்பவர்தான் முதலில் முகாமைத் தவிர்ப்பார். முகாம் நடத்திப் புகைப்படம் போட்டு முடித்துக்கொள்வதும் பயனில்லை. ஆறு மாதம் கழித்து அதே ஆட்களை மறுபடி பார்க்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

நாளையும் யோசித்துக் குறிக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்க முடியுமா, மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது சர்வதேச நீரிழிவு வழிகாட்டுதல். அந்தக் கணக்குப்படி, முகாமுக்கு ஏற்ற காலம் ரஜப் மாதத்தின் முதல் பாதி.