பத்துக்குப் பத்து அறையில் ஒரு பாட்டு

வீட்டில் மிக்ஸ் செய்த பாட்டு வீட்டுப் பாட்டாகத்தான் கேட்கும், பெரிய ஸ்டூடியோ இல்லாமல் தரம் வராது என்று அடித்துச் சொல்கிறார்கள். பெங்களூரு நீலசந்திராவில் லேப்டாப்பில் கானாவும் சர்ச் பாட்டும் கலக்கிற பிள்ளைகளுக்கு இது பழகிப்போன பேச்சு. நான் இதை ஏற்கவில்லை.

அப்படிச் சொல்பவர்கள் காட்டும் ஆதாரம், சினிமாப் பாட்டையும் பையனின் மிக்ஸையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவது. அந்தச் சோதனையே செல்லாது. மாஸ்டர் ஆன, அதாவது வெளியீட்டுக்காகக் கடைசியாகச் செப்பனிட்ட பாட்டு, ஒலியின் உச்சங்களை அடக்கும் லிமிட்டர் வழியாகச் சத்தம் ஏற்றப்பட்டு வருகிறது. மிக்ஸுக்கு அந்த வேலை இன்னும் நடக்கவில்லை. சத்தம் கூடினாலே பேஸ் நிறைந்து கேட்கும் என்பதை ஒலி ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேளுங்கள், வித்தியாசம் வெகுவாகக் குறையும். ஸ்பாட்டிஃபை இதைத்தான் செய்கிறது: பாட்டுகளைச் சுமார் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது. சத்தத்துக்காக நசுக்கிய பாட்டுக்கு அங்கே நசுங்கல் மட்டுமே மிச்சம். 2008-இல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பம் இப்படி நசுங்கி வந்தபோது, அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் தெளிவாக இருப்பதாக ரசிகர்களே குறைபட்டுக்கொண்டார்கள். அதுவும் தொழில்முறை மாஸ்டர்தான்.

கருவியின் விலை என்ற வாதம் நெடுநேரம் நிற்காது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' ஆல்பம் (1982) வாடகை வீட்டுப் படுக்கையறையில், நான்கு டிராக் கேசட் கருவியில் பதிவானது. இசைக்குழுவோடு ஸ்டூடியோவில் முயன்று பார்த்துவிட்டு, அந்தக் கேசட்டையே வெளியிட்டார். கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரகுமானும் வீட்டோடுதான் ஸ்டூடியோ வைத்திருந்தார். 1992-இல் 'ரோஜா' அங்கிருந்து வந்தது. அது முறையாகக் கட்டிய கூடம் என்பீர்கள். உண்மை. அதனால்தான் பேச வேண்டியது அறையைப் பற்றி.

நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி இருக்கிற அறையில் 56 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தேங்கும். மூன்று அளவும் ஒன்றானால் மூன்று தேக்கமும் அதே ஹெர்ட்ஸில் குவியும். மூலையில் கிக் டிரம் இடிக்கும். அறையின் நட்டநடுவில் அது காணாமல் போகும். நடுவில் உட்கார்ந்த பிள்ளை பேஸ் போதவில்லை என்று ஏற்றுவான். காரில் போட்டால் பாடுகிறவரின் குரலே மூழ்கிவிடும். சுவரில் ஒட்டும் முட்டை அட்டை இதற்கு உதவாது, கீழ் ஒலியை அது தொடுவதே இல்லை. நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்துங்கள். மூலைகளில் கனமான ராக்வுல் வையுங்கள். ஹெட்போனிலும் ஒருமுறை சரிபாருங்கள்.

மாஸ்டரிங் எல்லாவற்றையும் நேராக்கிவிடும் என்பதும் தவறு. அங்கே போவது கலந்து முடித்த ஸ்டீரியோ. குரலை ஏற்றினால் அதோடு கிட்டாரும் ஏறும். ஆனால் மாஸ்டர் செய்பவர் வேறோர் அறையில், புதிய காதோடு கேட்கிறார். பில்லி ஐலிஷ் 2019 ஆல்பத்தின் பெரும்பகுதியை அண்ணனின் படுக்கையறையில் பதிவு செய்தார். மிக்ஸ் செய்தவர் ராப் கினெல்ஸ்கி, மாஸ்டர் செய்தவர் ஜான் கிரீன்ஹாம். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் புது மைக் வாங்க ஓடாமல், அப்படி ஒருவரின் காதுக்குக் கொடுங்கள்.