தலை வலித்தால் சொல்லிவிடுங்கள்



டிசம்பர் வந்தால் போதும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்கப் பனிமலை. முதுகில் மூட்டை, கையில் ஊன்றுகோல், பின்னால் வெள்ளை வெளேரென்று ஒரு சிகரம். முன்பெல்லாம் அந்தப் படங்களில் கல்லூரிப் பிள்ளைகள்தான் இருப்பார்கள். இப்போது நம் வயதுக்காரர்கள், அதுவும் ஜோடி ஜோடியாக! பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று, பையன் வேலைக்குப் போய்விட்டான், முழங்காலும் இன்னும் ஒத்துழைக்கிறது. அப்புறம் என்ன, கிளம்பிவிடுகிறார்கள்.

எனக்கு இதில் ஏக சந்தோஷம். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் இருவருமாகப் போன பயணங்களை எண்ணிப் பாருங்கள். குலதெய்வம் கோயில், சொந்தக்காரர் வீட்டு விசேஷம், பிள்ளைகளின் கவுன்சலிங். இருவர் மட்டும், டிவி இல்லாமல், சிக்னல் இல்லாமல், நாலு நாள் சேர்ந்து நடந்தது எத்தனை வீடுகளில் உண்டு?

முதல் தடவை போகிறவர்களில் பலர் தேர்ந்தெடுப்பது உத்தராகண்டில் உள்ள கேதார்காந்தா. உத்தரகாசி மாவட்டத்தில், சுமார் 6,400 அடி உயரத்தில் இருக்கும் சாங்க்ரி என்ற மலைக்கிராமத்தில் நடை தொடங்கும். காட்டு வழியாக ஏறி, ஜூடா கா தாலாப் என்ற சிறு ஏரியின் பக்கத்தில் ஓர் இரவு கூடாரம். மறுநாள் அதற்கும் மேலே, 11,000 அடியைத் தாண்டிய முகாம். அங்கிருந்து விடியும் முன்பே டார்ச் வெளிச்சத்தில் ஏறினால், வெயில் விழும் நேரத்துக்கு ஸ்வர்காரோகிணி, பந்தர்பூஞ்ச் சிகரங்கள் கண்ணெதிரே நிற்கும்.

‘புதியவர்களுக்கும் ஏற்றது’ என்று விளம்பரம் செய்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் உச்சி 12,500 அடி. நம் தொட்டபெட்டா சுமார் 8,650 அடிதான். “ஊட்டிக் குளிரையே பார்த்தவங்க நாங்க” என்ற தைரியம் அங்கே செல்லாது.

குளிருக்காவது ஸ்வெட்டர் இருக்கிறது. காற்றுக்கு என்ன செய்வது? காற்றில் ஆக்சிஜனின் பங்கு மெரினாவிலும் மலையுச்சியிலும் அதே 21 சதவீதம்தான். மேலே போகப்போக அழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைப்பது குறைந்துவிடுகிறது. 8,000 அடி தாண்டினாலே சிலருக்குத் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை என்று ஆரம்பித்துவிடும். தினமும் காலையில் ஓடுகிறவருக்கும் வரும், ஓடாதவருக்கு வராமலும் போகும். யாருக்கு வரும் என்று கீழே இருக்கும்போதே சொல்ல முடியாது. லடாக்கின் லே நகரத்துக்கு விமானத்தில் போனால் ஒரே நாளில் 11,500 அடியில் இறக்கிவிடுவார்கள். முதல் இரண்டு நாள் ஊர் சுற்றாமல் ஓய்வெடுங்கள் என்று அங்கே திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி போன குளிர்காலத்தில் கேதார்காந்தா போனார்கள். மேல் முகாமில் சாயங்காலம் சமையல் கூடாரத்திலிருந்து டீ வந்தது. எந்த ஊரில் எந்த நேரத்தில் நீட்டினாலும் டீயை வேண்டாம் என்று சொல்லாத மனிதர், டம்ளரை வாங்கி அப்படியே கீழே வைத்துவிட்டார்.

“என்னங்க, தலை வலிக்குதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. வெயில்ல நடந்தது.”

“மத்தியானமும் நீங்க சரியா சாப்பிடலையே?”

கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தார். “நாளைக்கு உச்சிக்குப் போகணும்னு உனக்கு எவ்வளவு ஆசை. என்னால கெட வேணாம்னு பார்த்தேன்.”

அந்த அம்மா மேற்கொண்டு பேசவில்லை. கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து கைடைக் கூப்பிட்டார். கைடு விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்தார். ஒரு காலின் நுனியை மறுகாலின் குதிகால் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். தடுமாற்றம் இல்லை. அன்று ராத்திரி ஓய்வு. காலையிலும் வலி விடாததால், ஓர் ஆள் துணையோடு இருவரும் இறங்கிவிட்டார்கள். ஏரிக்கரை வருவதற்குள் டீ கேட்டாராம் மனிதர்!

நம் வீடுகளில் இது பழகிப்போன விஷயம்தானே? காய்ச்சலோடு சமைப்பாள் அம்மா. நெஞ்சு எரிச்சலை மறைத்துக்கொண்டு ஆபீஸ் போவார் அப்பா. அடுத்தவர் மனம் கோணக் கூடாது என்ற அந்த நல்ல குணத்தை மலைக்கு எடுத்துப்போகாதீர்கள். வலியை மறைத்துக்கொண்டு மேலும் ஏறினால், சிலருக்கு மூளையில் வீக்கமோ நுரையீரலில் நீரோ சேர்ந்துவிடும். குடித்தவர் மாதிரித் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, விடாத இருமல் — இதில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே இறங்க வேண்டும். முதல் சிகிச்சை அதுதான்.

பெண்கள் மறைப்பது இன்னொன்று. ராத்திரி இருட்டில், பனியில், கூடாரத்தை விட்டு வெளியே போகக் கூச்சப்பட்டுக்கொண்டு சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். தண்ணீர் குறைந்தாலும் தலை வலிக்கும். உயரத்தால் வந்ததா, தாகத்தால் வந்ததா என்று பிறகு கண்டுபிடிப்பதும் கஷ்டம். கணவன்மார்களே, நடுராத்திரியில் எழுப்பினால் முணுமுணுக்காமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு கூடப் போங்கள். உச்சியில் எடுக்கும் செல்ஃபியை விட இது முக்கியம்.

ஸ்லீப்பிங் பேக் விஷயத்திலும் பெண்களுக்கு ஓர் அநியாயம் நடக்கிறது. முறையாகச் சோதித்த பைகளின் லேபிளில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று அளவுகள் இருக்கும். கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண்ணுக்கான கணக்கு, லிமிட் சராசரி ஆணுக்கானது. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைக்கலாம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. கடையில் பெரிய எழுத்தில் மைனஸ் 10 என்று போட்டிருந்தால், அது மூன்றில் எது என்று கேளுங்கள். ஒரே மாதிரி இரண்டு பை வாங்கி, கணவர் குறட்டை விட, மனைவி விடிய விடிய நடுங்கிய கதைகள் நிறைய உண்டு. அடியில் விரிக்கும் பாயிலும் சிக்கனம் வேண்டாம். உடம்புச் சூட்டைத் தரைதான் அதிகம் உறிஞ்சும். எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை, சாங்க்ரியிலேயே பலதும் வாடகைக்குக் கிடைக்கும். ஷூவை மட்டும் சொந்தமாக வாங்கி, ஊரிலேயே போட்டு நடந்து பழக்கிவிடுங்கள்.

சமையல் தெரிந்தவர்களுக்கு ஒரு தகவல். 11,500 அடியில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாது. குக்கர் இல்லாமல் கதை நடக்காது. படுக்கும்போது பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, ஒரு சாக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள், சுகமாக இருக்கும். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதால் செல்போனுக்கும் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே இடம் கொடுங்கள். குளிருக்குப் பயந்து கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ மூட்டுவது மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

சொந்தக் கூடாரம் வாங்கிவிட்டோம், பிடித்த இடத்தில் அடித்துத் தங்குவோம் என்று கிளம்புகிறவர்களுக்கு: உத்தராகண்டில் புக்யால் எனப்படும் உயரப் புல்வெளிகளில் இரவு தங்க 2018-இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் தடை போட்டது. எங்கே அனுமதி உண்டு என்று வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பழகிப் பார்க்க இமயமலை வரை போக வேண்டாம். மலையேறியவர்களின் உயிரைப் பறித்த 2018 குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு நம் மாநிலத்தில் டிரெக்கிங் விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ என்று 40 வழித்தடங்களை வனத்துறை திறந்தது. முதுகில் மூட்டையோடு இருவரும் அதில் ஒன்றிரண்டில் நடந்து பாருங்கள். மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். யார் எப்போது சிடுசிடுப்பார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்!

பி.பி., சுகர் இருப்பவர்கள் டாக்டரைப் பார்க்காமல் பதிவு செய்யாதீர்கள். உயர நோய்க்கான மாத்திரையையும் அவரைக் கேட்டே எடுங்கள். சல்ஃபா அலர்ஜி இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

ஜோடியாகப் பனிமலை ஏறியவர்கள் உங்கள் அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்கள். பாதியில் இறங்கி வந்தவர்களும் கூச்சப்படாமல் எழுதுங்கள். அதையும் பிரசுரிக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்