செவ்வாய்க்கிழமை உங்கள் பிள்ளை எங்கே போனது?

கல்வராயன் மலைப் பெற்றோர்களே, கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பள்ளியில் சேர்த்தாயிற்று, காலைச் சாப்பாடு உண்டு, மதியம் முட்டையோடு சத்துணவு உண்டு, புத்தகமும் சீருடையும் வந்துவிட்டன. அதோடு நம் வேலை முடிந்தது என்று இருக்கிறீர்கள். சந்தையா, பிள்ளைக்கு லீவு. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையா, லீவு. மரவள்ளி பிடுங்கும் நாளா, மாமன் வீட்டுக் காதுகுத்தா, லீவு. கேட்டால் “ஒரு நாள்தானே சார்” என்கிறீர்கள்.

அந்த ஒரு நாளில் என்ன போகிறது தெரியுமா? கடன் வாங்கிக் கழித்தலை ஒரு வாரம் நடத்துகிறார்கள் என்று வையுங்கள். திங்கட்கிழமை பிள்ளைகள் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போடுகிறார்கள். 42 என்றால் நாலு கட்டு, ரெண்டு உதிரி. விஷயமே செவ்வாய்க்கிழமைதான். 42-லிருந்து 17 எடுக்க வேண்டும். உதிரி இரண்டுதான் இருக்கிறது, ஏழுக்கு எங்கே போவது? ஒரு பிள்ளை ஒரு கட்டை அவிழ்க்கிறது. பத்துக் குச்சியும் தரையில் சிதற, உதிரி பன்னிரண்டாகிறது. ஏழு போக ஐந்து. மிச்சம் மூன்று கட்டு, அதில் ஒன்று போக இரண்டு. விடை 25. புதன்கிழமை அதையே குச்சியில்லாமல் நோட்டில் போடுகிறார்கள். வியாழக்கிழமை வகுப்பிலேயே கடை வைத்து மீதிச் சில்லறை கொடுக்கிறார்கள். யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று வெள்ளிக்கிழமை டீச்சர் பார்க்கிறார்.

செவ்வாயன்று சந்தைக்குப் போன பிள்ளை ஏழிலிருந்து இரண்டைக் கழிக்கும், நாலிலிருந்து ஒன்றைக் கழிக்கும், 35 என்று எழுதும். பெரியதிலிருந்துதானே சின்னதை எடுக்க முடியும்? அது நினைப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கட்டு அவிழ்ந்ததை அது பார்க்கவில்லை. மிச்ச மூன்று நாளும் பள்ளியில் உட்கார்ந்திருந்தும் ஒன்றும் ஏறவில்லை. நீங்களோ நோட்டைப் பார்த்துவிட்டு “மக்கு” என்று தலையில் குட்டுகிறீர்கள்.

இன்னொரு புகாரும் காதில் விழுகிறது: “பாட்டுப் பாடறாங்க, ஆடறாங்க, எங்க படிக்கறாங்க?” கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் விட்டதைப் பிடிக்க 2022 ஜூனில் வந்தது எண்ணும் எழுத்தும் திட்டம். முதலில் மூன்றாம் வகுப்பு வரை, பிறகு ஐந்து வரை. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பயிற்சி. அந்தப் பயிற்சிநூலை ஒரு தடவையாவது புரட்டிப் பார்த்தீர்களா? எழுதப் படிக்கத் தெரியாது என்று நழுவ வேண்டாம். குச்சியைக் கையில் கொடுத்து “எனக்குச் சொல்லிக் கொடு கண்ணு” என்று கேட்க எந்த எழுத்து தெரிய வேண்டும்?

நம் வீடுகளில் படிப்பு இல்லாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டுதான்: 1976 வரை இந்த மலை ஜாகீர்தார்கள் கையில் கிடந்தது. பள்ளிக்குப் போகாத நம் தாத்தாக்களைக் குறை சொல்ல முடியாது. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

வேலை தேடிக் கேரளாவுக்கும் குடகுக்கும் போகிறவர்களைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை, வயிற்றுப்பாடு. ஆனால் பிள்ளையையும் மூட்டையோடு மூட்டையாக ஏன் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள்? பாட்டியிடம் விடுங்கள். பாட்டி இல்லையென்றால் உண்டு உறைவிடப் பள்ளிகள் மலையிலேயே இருக்கின்றன. முதலில் அழும், அப்புறம் பழகிவிடும்.

வாத்தியார் நேரத்துக்கு வருவதில்லை, பஸ் இல்லை என்று டீக்கடையில் சத்தம் போடுகிறீர்களே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறீர்கள்? அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அடுத்த கூட்டத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பாதீர்கள். இந்த வாரம் என்ன பாடம், என் பிள்ளை எந்தெந்த நாள் வரவில்லை, அன்றைக்கு நடத்தியதை மறுபடி எப்போது சொல்லித் தருவீர்கள் என்று டீச்சரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.